ஏழு போடும்மா, எட்டு போடும்மா

எங்கள் கோர்ட்டில் அழுகைக்கு ஒரு நம்பர் உண்டு. ஏழு. அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்கும் ஒரு நம்பர் உண்டு. எட்டு. சிரிக்க வேண்டாம். இருபத்து மூன்று வருடமாக இதே கோர்ட்டில், இதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தீர்ப்பு டைப் அடிக்கிறவள் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். ஒருத்தன் இன்னொருத்தரை அடித்துவிட்டான், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றால், எத்தனை மாதம் உள்ளே போடலாம் என்று நீதிபதி எழுத வேண்டும். அதற்கு முன்னால், அடிபட்டவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று நாலு வரி எழுத வேண்டும். தினமும் நாலு வரியைப் புதிதாக யோசிக்க யாரால் முடியும்? எப்போதோ ஓய்வுபெற்றுப் போன ஒரு நீதிபதி ஒன்பது பத்திகளை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆண் பெண் யாருக்கும் பொருந்தும்படி எல்லாவற்றிலும் 'பாதிக்கப்பட்டவர்' என்றே எழுதியிருந்தார். கெட்டிக்காரர். அவை என் கம்ப்யூட்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று முதல் ஆறு வரை ஆயுதம், சாட்சி, மன்னிப்புக் கடிதம் என்று போகும். ஏழு, அடிபட்டவர் பெண் என்றால். எட்டு, ஆண் என்றால். ஒன்பது, அடிபட்டவள் அடித்தவனுக்கே பொண்டாட்டி என்றால். கடைசி மூன்றின் வாலிலும் மாதமும் சேர்ந்தே தொங்கும். ஏழுக்கு இருபத்து நான்கு. எட்டுக்கு ஆறு. ஒன்பதுக்கு நான்கு, கூடவே ஒரு வரி புத்திமதி. கொலை, கொள்ளையெல்லாம் வேறு கோர்ட். எங்களுடையது கை கால் முறிகிற வரைக்கும்தான்.

எங்கள் நீதிபதி நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்டப் போகிறேன். இருமல் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இந்த நீதிமன்றம்..." என்று ஆரம்பிப்பார். அடுத்த வார்த்தையை அவர் தேடுவதற்குள் நான் வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளியும் வைத்திருப்பேன். என்னிடம் பேசுகிற யாருக்கும் வாக்கியத்தின் பின்பாதியைச் சொல்கிற வேலை மிச்சம். கடைசிப் பத்திக்கு வந்ததும், "ஏழு போடும்மா" என்பார். இல்லாவிட்டால், "எட்டு போடும்மா." அவ்வளவுதான், அடுத்த கேஸ்.

இதில் தப்பு இருக்கிறதென்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் தம்பி அடிபட்டுவந்து எங்கள் கோர்ட் படியேறும் வரைக்கும் தோன்றவில்லை.

தம்பியை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். குட்டி ஆறடி இரண்டு அங்குலம், நூற்றுப் பதினைந்து கிலோ. அவன் வாசலில் நின்றால் வீட்டுக்குள் லைட் போட வேண்டும். பல்செட் செய்கிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் மெழுகில் ஈறு பிடித்து, சின்னக் கத்தியைச் சூடு காட்டி, ஒவ்வொரு பல்லாக நடுவான். அவ்வளவு பெரிய உடம்பின் முனையில் அவ்வளவு நாசூக்கான விரல்களை ஆண்டவன் ஏதோ குழப்பத்தில் மாட்டிவிட்டிருக்க வேண்டும். அந்த வலது கை விரல்களில் மூன்றைத்தான் அவன் மாடிவீட்டுக்காரன் ஜாக்கிக் கம்பியால் உடைத்தான்.

ஒரு காலை நேரம், கட்டடத்தில் கார் நிறுத்துகிற இடம். தரைத்தளத்தில் ஒரு டிரைவிங் டீச்சர் குடியிருக்கிறார். ஐம்பது வயது, ஒல்லி, குரல் மட்டும் லாரி ஹார்ன். முதல் வகுப்புக்குக் கிளம்புகிறார், மாடிவீட்டுக்காரன் கார் குறுக்கே நிற்கிறது. டீச்சர் ஹார்ன் அடித்தார். நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். மாடிவீட்டுக்காரன் பனியனோடு இறங்கி வந்தான், தன் டிக்கியைத் திறந்தான், கம்பியை எடுத்தான். குட்டி ஓடிப்போய் நடுவில் நின்று, "அண்ணே, வேணாம்ணே" என்றான். கம்பி அவன் கையில் மூன்று தரம் விழுந்தது. நாலாவது அடி டீச்சரின் முழங்கையில். இவனுக்கு மூன்று எலும்பு, அவருக்கு நாலு தையல். அடித்தவன் எடை ஐம்பது கிலோகூட இருக்காது. குட்டி அவனைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சுவரிலிருந்து சுரண்டித்தான் எடுத்திருக்க வேண்டும். தட்டவில்லை.

கேஸ் எங்கள் கோர்ட்டுக்கே வந்தது. இவனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து கோர்ட்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குற்றம் நிரூபணமானது. இனி மாதம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி வந்து சேர்ந்தாள். எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதத்தோடு வந்த பெண். முப்பது வயதிருக்கும். அவள் பெயர் நீளம், ஆகவே எல்லோரும் ஆராய்ச்சி என்றே கூப்பிட்டோம். ஒரு மாதமாக ரெக்கார்டு ரூமில் தூசியைத் தின்றுகொண்டு பழைய தீர்ப்புகளைப் படித்தாள். ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க கோர்ட்டுல ஒரே அடிக்கு ரெண்டு தண்டனை இருக்கு, தெரியுமா?"

"என்னது?"

"முந்நூறு தீர்ப்பு பிரிச்சு வெச்சுப் பாத்துட்டேன். அதே கம்பி, அதே காயம். அடிபட்டது பொம்பளைன்னா ரெண்டு வருஷம். ஆம்பளைன்னா ஆறு மாசம்."

"எங்க கோர்ட்ல மட்டும்தானே?" என்றேன், ஏதோ எங்கள் குழாய் மட்டும் ஒழுகுவது போல.

"அஞ்சு நாட்டுத் தீர்ப்பு படிச்சுட்டேன்க்கா. ஒரு நாட்டுல ஒத்தை நீதிபதி. ஒரு நாட்டுல மூணு பேரு கூடிப் பேசி முடிவு பண்றாங்க. இன்னொண்ணுல தெருவுல போற ஜனங்க பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறாங்க. ஒரு எடத்துல அட்டவணையே அச்சடிச்சு வெச்சிருக்காங்க, இந்த அடிக்கு இத்தனை மாசத்துலேர்ந்து இத்தனை மாசம் வரைக்கும்னு. நான் பாத்த வரைக்கும் ஒரு எடமும் இதுலேர்ந்து தப்பல."

"அட்டவணை இருக்கற எடத்துலகூடவா?"

"அங்க பொம்பளைன்னா அட்டவணையோட மேல் நுனி. ஆம்பளைன்னா கீழ் நுனி. சட்டத்தை மீறவே இல்ல. அழகா உள்ளுக்குள்ளயே விளையாடறாங்க."

"அப்ப பொம்பளைங்களுக்கு நல்லதுன்னு சொல்லு."

"எங்கக்கா நல்லது? தெருவுல போறவன் அடிச்சா இருபத்து நாலு மாசம். கட்டினவன் அடிச்சா நாலு மாசம். அதே பொம்பளை, அதே கை. கை யாரோடதுன்னு பாத்துத்தான் வலிக்கு மார்க் போடறாங்க."

டீ ஆறிப்போனது. ஒன்பதை நான் எத்தனை நூறு தரம் தட்டியிருப்பேன் என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தேன். அதற்கு மேல் குட்டி ஞாபகம் வந்தது. வந்ததும் எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் என் தம்பியின் மூன்று விரலுக்கு 'எட்டு' தயாராகக் காத்துக்கொண்டு கிடக்கிறது! நாலு தையலுக்கு இரண்டு வருடம், பல் நடுகிற மூன்று விரலுக்கு ஆறு மாதமா? அதுவும் ஒரே தீர்ப்பில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகவா? என் தம்பி என்ன அவ்வளவு மலிவா?

அன்று சாயங்காலமே லேப் வாசலில் போய் நின்று, துணி எடுக்கணும் என்ற குட்டியோடு அவன் வீட்டுக்குப் போனேன். தண்டனைக்கு முன்னால் அடிபட்டவர்கள் பாதிப்பு அறிக்கை என்று ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டும். தூக்கம், வேலை, பயம், குடும்பம் என்று நாலு கட்டம். இவன் கை இன்னும் பேனா பிடிக்கவில்லை. அதனால் லேப்டாப்போடு நானே போனேன்.

"வேலைக்குப் போறியா?"

"போறேன்க்கா. பல்லு நட முடியல, டப்பாவுல போட்டு அனுப்பற வேலை..."

"வேலைக்குச் செல்கிறார்" என்று அடித்தேன். "தூக்கம்?"

"தூக்கம் வந்து..."

"நன்று" என்று அடித்தேன். "பயமெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?"

அவன் தன் கையைப் பார்த்தான். "இல்லக்கா" என்றான்.

நாலு கட்டமும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. "இப்படி எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னா அவர் எட்டுதான்டா போடுவாரு!" என்று அவனையே திட்டவும் செய்தேன். "போட்டும்க்கா" என்றான். இவன் எப்போதும் இப்படித்தான், யாராவது காலை மிதித்தால் இவன் மன்னிப்புக் கேட்பான்.

மறுநாள் நீதிபதியின் அறைக்குப் போய், "ஐயா, அடிபட்டது என் கூடப்பொறந்தவன்" என்றேன். அவர் மாத்திரையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "அப்ப இந்தக் கேஸை நீங்க தொடக்கூடாதும்மா. இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசக்கூடாது" என்றார். நியாயம்தான். ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் முதன்முறையாக நான் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றது, சொல்ல வழியில்லை.

எனக்குப் பதிலாக நிலத்தகராறு கோர்ட்டிலிருந்து ஒரு டைப்பிஸ்ட்டை அனுப்பினார்கள். சாதுவான மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றே வாழ்நாளைக் கழித்தவர். என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பது பத்திகளையும் திறந்து பார்த்து, "எல்லாம் ரெடியா இருக்கே, ரொம்ப சௌகரியம்" என்றார். ஏழு யாருக்கு, எட்டு யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல அனுமதி இல்லை. சொல்லத்தான் வேண்டும் என்றும் தோன்றவில்லை. நீதிபதிக்குத் தெரியாததா?

தீர்ப்பு நாள். நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெஞ்ச் இவ்வளவு கெட்டி என்று அன்றுதான் தெரிந்தது, பாவம் ஜனங்கள். பக்கத்தில் நோட்டோடு ஆராய்ச்சி. முன்வரிசையில் குட்டி, இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு. அவன் பக்கத்தில் டீச்சர், தையல் தழும்பு தெரியும்படி சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு. கூண்டில் மாடிவீட்டுக்காரன், சலவைச் சட்டை போட்டு இன்னும் ஒல்லியாக.

"அக்கா, நகத்தைக் கடிக்காதீங்க" என்றாள் ஆராய்ச்சி.

"என் நகம்" என்றேன்.

நீதிபதி கண்ணாடியை மூக்கில் இறக்கினார். வாசிக்க ஆரம்பித்தார். கார், ஹார்ன், கம்பி, சாட்சி எல்லாம் ஓடியது. கடைசிப் பக்கம் வந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"முதலாவதாகப் பாதிக்கப்பட்டவரைப் பொறுத்தவரை" என்று அவர் வாசித்தார். வழக்கில் முதலில் அடிபட்டவர்தான் முதலாமவர். அதாவது குட்டி. "இச்சம்பவத்தால் அவர் உடலளவில் மட்டுமின்றி மனத்தளவிலும் நொறுங்கிப்போயுள்ளார்."

நான் நிமிர்ந்தேன். இது எட்டு இல்லையே!

"இரவில் உறக்கமின்றித் தவிக்கிறார். தனியே வெளியே செல்ல அஞ்சுகிறார்."

ஐயய்யோ, ஏழு! என் தம்பிக்கு ஏழு! பின்வரிசையில் யாரோ க்ளுக் என்றார்கள். நீதிபதி வழக்கமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தார், மனப்பாடமான பத்தியில் யார்தான் நின்று பார்ப்பார்கள்? "படியில் காலடிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார். பிறர் முன்னிலையில் கண்ணீரை அடக்கிக்கொண்டு நாட்களைக் கடத்தும் இவரது மென்மையான இயல்பைக் கருதி..."

அந்த இடத்தில் தலையைத் தூக்கி, தம் வழக்கப்படி அடிபட்டவரை ஒரு தரம் பரிவோடு பார்த்தார். பார்த்த இடத்தில் நூற்றுப் பதினைந்து கிலோ இருந்தது.

கோர்ட் வெடித்துவிட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மாடிவீட்டுக்காரனின் வக்கீல் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். ஆராய்ச்சி நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நானா? தலைகால் புரியாமல் நானும் சிரித்தேன். என்ன செய்ய, மென்மையான இயல்பாம், குட்டிக்கு! நீதிபதிக்கு இருமல் மாத்திரை உள்ளே போய்விட்டது. தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் குடித்துவிட்டு, "இருபத்து நான்கு மாதம்" என்று முடித்து, வேறு வழியில்லாமல் அடுத்ததை வாசித்தார்.

"இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர் திடகாத்திரமானவர். காயங்கள் ஆறி, வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை நடந்தது வாய்த்தகராறு முற்றி விளைந்த கைகலப்பே."

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். போச்சு, சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, ரொம்ப கரெக்ட்!" என்று ஹார்ன் அடித்தார். "மறுநாளே கார் எடுத்துட்டேன். அந்தாளு மேல அஞ்சு பைசா பயம் கெடையாது. என்னைப் பத்தி இவ்வளவு சரியா இதுவரைக்கும் யாரும் எழுதல. எங்க வீட்டுக்காரர்கூட!"

மறுபடி சிரிப்பு. நீதிபதி மேஜையைத் தட்டினார், அவர் உதடும் நடுங்கியது. டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டார். அந்த மனிதர் வியர்த்து வழிய எழுந்து, "ஐயா, நீங்கதான் முதல் ஆளுக்கு ஏழு, ரெண்டாவது ஆளுக்கு எட்டுன்னு சொன்னீங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீதிபதி பெண்கள் நின்றால் தாம் உட்காராதவர். லிஃப்ட்டில்கூட பெண்கள்தான் முதலில். அவர் மனதில் 'முதல் ஆள்' டீச்சர். நிலத்தகராறு டைப்பிஸ்ட்டுக்கோ முதல் ஆள் என்றால் கேஸ் கட்டில் முதல் ஆள், அவ்வளவுதான். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் அவர் சொன்னதைக் கேட்காமலே சரியாக மாற்றிப் போட்டிருப்பேன்.

வக்கீல் கைக்குட்டையை எடுத்துவிட்டு எழுந்தார். "ஐயா, இது வெறும் டைப்பிங் தப்பு. பத்தி ரெண்டும் இடம் மாறிப்போச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி திருத்திடலாம். இருபத்து நாலை அந்தம்மாவுக்குப் போட்டுட்டு, இவருக்கு ஆறாக் குறைச்சுடலாம்."

"அந்தம்மாதான் ஒண்ணுமே இல்லங்கறாங்களே" என்றார் நீதிபதி.

"அப்ப ரெண்டுமே ஆறுன்னு போட்டுடலாம்யா!" வக்கீல் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"இவருக்கு எதை வெச்சுக் குறைக்கச் சொல்றீங்க?"

"ஐயா... இவரைப் பாருங்க!"

"பாத்தேன். பாத்ததைத் தீர்ப்புல எழுத முடியாது. காரணம் சொல்லுங்க, எழுதறேன்."

வக்கீல் குட்டியைக் காட்டினார், கையை அகல விரித்தார், தோளைத் தொட்டுக் காட்டினார். சட்டப்புத்தகத்தில் தோளுக்கு இடமில்லை. "அதான்யா... ஆம்ப..." என்று ஆரம்பித்து, பாதியில் ஆராய்ச்சியின் பேனா ஓடுவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

ஆனால் நீதிபதி பாதிப்பு அறிக்கையைத் தேடி எடுத்தார். என் உற்சாகம் அப்படியே வடிந்தது. "காரணம் இங்கயே இருக்கே. தூக்கம் நன்று. பயம் இல்லை. வேலைக்குச் செல்கிறார். அவரே சொல்லியிருக்காரு." பேனாவைத் திறந்தார். ஏழின் மேல் கோடு போடக் கை போனது.

"ஐயா, அடிக்காதீங்க."

குட்டியின் குரல். அவன் எழுந்து நின்றிருந்தான். எழுந்து நிற்பதற்கே மன்னிப்புக் கேட்பது போல் முதுகை வளைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க வாசிச்சதுல ஒண்ணே ஒண்ணுதாங்க தப்பு" என்றான். "படியில காலடிச் சத்தம்னு இருக்கு. அது இல்லீங்க. கார் டிக்கி மூடற சத்தம். அது கேட்டா எனக்குக் கை நடுங்குதுங்க. மத்ததெல்லாம் சரிங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, துணைக்கு ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

"மத்ததெல்லாம்னா?" என்றார் நீதிபதி.

"தூக்கம் இல்லீங்க. அந்தக் கட்டடத்துக்குள்ள போக முடியல. துணி எடுக்க மட்டும், யாராவது கூட வந்தா போவேன். ரெண்டு மாசமா லேப்லயே படுக்கறேன், பல்லு வெக்கிற அலமாரிக்குக் கீழ. அப்புறம் அந்த... கண்ணீர்னு போட்டிருக்கீங்களே. அதுவும் சரிதாங்க."

நீதிபதி அவனைப் பார்த்தார். ஃபாரத்தைப் பார்த்தார். "அப்ப இதுல ஏன் தூக்கம் நன்றுன்னு இருக்கு?"

குட்டி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசே இல்லை, அது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவனுக்குப் பொய் சொல்லவும் வராது.

"அக்கா ரொம்ப வேகமா டைப் அடிப்பாங்க ஐயா" என்றான். "நான் யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

இந்த முறை கோர்ட் சிரித்தது என்னைப் பார்த்து. சிரிக்கட்டும். என் கை இரண்டையும் மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீதிபதியைத் திட்டினேன், எட்டைத் திட்டினேன், அஞ்சு நாட்டு நீதிபதிகளையும் ஜாடையாகத் திட்டினேன். என் சொந்தத் தம்பிக்கு அவன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து முதல் எட்டைப் போட்டவள் நான்.

நீதிபதி ஃபாரத்தை மடித்து ஓரமாகத் தள்ளினார். புதிதாக ஒரு மாத்திரையைப் பிரித்தார், வாயில் போடாமல் மேஜையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'படியில் காலடிச் சத்தம்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேலே 'கார் டிக்கி மூடும் சத்தம்' என்று தம் கையாலேயே எழுதினார். 'மென்மையான இயல்பு' என்ற இடத்தில் பேனா நின்றது. குட்டியை இன்னொரு தரம் பார்த்தார். அதை அடிக்கவில்லை. இருபத்து நான்கையும் அடிக்கவில்லை.

"டீச்சரம்மா, உங்களுக்கு ஆறுதான். வருத்தமில்லையே?"

"எனக்கெதுக்குய்யா வருத்தம்? ஜெயிலுக்குப் போறது அவன்தானே!"

கையெழுத்துப் போட்டார். மாடிவீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுந்து போகும்போது நீதிபதி நிலத்தகராறைப் பார்த்து, "நாளைக்கு அந்த ஒன்பது பத்தியையும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து என் மேஜையில வைங்க. முதல்ல அந்த ஒன்பதாவதை" என்றார். ஆராய்ச்சி என் தோளைக் கட்டிக்கொண்டு, "அக்கா! அக்கா!" என்று குதித்தாள். டீச்சர் குட்டியின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார், பாராட்டாம். அவன் மேல் தூசி கூட அசையவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் குட்டியும் நானும் மட்டும் நின்றோம். எனக்கு ஜெயித்த சந்தோஷம், அழுகை, வெட்கம் எல்லாம் ஒன்றாகப் பொங்கி, அவனைக் கிள்ளலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

"கோவமாக்கா?" என்றான்.

"உனக்குத்தான்டா என் மேல கோவம் வரணும், தடியா. இன்னிக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. பல்லுக்கு நடுவுல படுக்கறானாம் பல்லுக்கு நடுவுல!"

அவன் சிரித்தான். பஸ் வந்தது. ஏறப் போனவள் நின்றேன். அத்தனை நாளில் நான் ஒரு தரமும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.

"குட்டி, ஒரு அடி விழுந்ததுமே கையை இழுத்திருக்கலாமேடா. மூணு அடி வரைக்கும் ஏன் வெச்சுக்கிட்டு நின்ன?"

"அதுவா" என்றான். பிறகு நிறுத்தினான். என் நாக்கில் பதில் நாலு ரெடியாக இருந்தது. விழுங்கிக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

"டீச்சர் காருக்குள்ள குனிஞ்சு போனைத் தேடிக்கிட்டிருந்தாங்கக்கா" என்றான் குட்டி. "ஜன்னல் கண்ணாடி எறங்கியிருந்தது. நான் அங்கதான் கையை வெச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன். எடுத்தா கம்பி நேரா அவங்க தலைக்குப் போயிருக்கும். மூணு தாங்கினேன். நாலாவது தாங்கலக்கா, கை தானா விழுந்துடுச்சு. அதுக்குள்ள அவங்க நிமிந்துட்டாங்க, முழங்கையோட போச்சு."

"இதை ஏன்டா போலீஸ்ல சொல்லல? கோர்ட்ல சொல்லல? டீச்சருக்காவது தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"ஏன்டா?"

"யாரும் கேக்கல."